கிழக்குப் பக்கம் இன்னும் ஈரம்

கூரையின் மேல் மொத்தம் இருபத்து நான்கு பாத்திகள். கையளவு உயரத்துக்குக் களிமண் வரப்பு கட்டி, சதுரம் சதுரமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். காலையில் நிரப்பினால் பத்து மணி வெயிலில் பாதி போய்விடும். மறுபடி நிரப்ப வேண்டும். சாயங்காலம் இன்னொரு தடவை. புதிதாகப் போட்ட கான்கிரீட்டுக்கு இருபத்தொரு நாள் தாகம் எடுத்துக்கொண்டே இருக்கும். அந்தத் தாகத்தைத் தீர்ப்பதுதான் அவள் வேலை.

அவளை எல்லோரும் தண்ணியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பத்தைந்து வயது. ஓஸ் பைப்பைத் தோளில் சுற்றிக்கொண்டு ஏணியில் ஏறினாள் என்றால், கீழே கம்பி கட்டுகிறவர்களுக்கு அன்றைய கேலி ஆரம்பமாகிவிடும்.

"தண்ணியக்கா இருக்கிற ஊர்ல மழையே பெய்யாதுப்பா. நம்ம வேலையைத்தான் இந்த அம்மா பாக்குதேன்னு மேகம் வேற பக்கம் போயிடுது."

"மேகத்துக்கு லீவு உண்டு, எனக்கு எவன் குடுக்கறான்?" என்பாள் மேலேயிருந்து. "பேச்சைக் குறைச்சு மோட்டாரைப் போடு. இல்லே, உன் தலையில ஒரு பாத்தி கட்டிடுவேன்."

சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். ஆனால் கூரைக்கு அடியில் நிற்கும்போது மட்டும் அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. எட்டு வருடங்களுக்கு முன் அவளுக்கு ஒரு மகள் இருந்தாள். ஒன்பது வயது. கணவனை முன்பே பறிகொடுத்தவளுக்கு உலகத்தில் மிச்சமிருந்தது அந்த ஒரு முகம்தான். மகள் படித்த பள்ளியில் புதிதாக ஒரு நடைபாதைக்குக் கூரை போட்டிருந்தார்கள். அதன் கடைசியில் குடிதண்ணீர்க் குழாய். மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் தண்ணீர் குடிக்கப் போனவள் திரும்பி வரவில்லை. கூரை இடிந்து கீழே வந்துவிட்டது.

விசாரணை நடந்தது. கூரையைத் தாங்கி நின்ற முட்டுகளை எந்தத் தேதியில் எடுத்தீர்கள் என்று கேட்டார்கள். ஆளுக்கொரு தேதி சொன்னார்கள். எந்தத் தேதி உண்மை என்று கடைசிவரை அவளுக்குத் தெரியவில்லை. மகளின் உயிர் ஏதோ இரண்டு தேதிகளுக்கு நடுவே போயிருக்கிறது என்று மட்டும் தெரிந்தது.

அன்றைக்கு அந்த இடிபாட்டை வெறும் கையால் தோண்டியவன் அவளுடைய தம்பி. பக்கத்துத் தெருவில் கூலி வேலையில் இருந்தவன், சத்தம் கேட்டு ஓடி வந்தான். ஒரு கான்கிரீட் துண்டு சரிந்து வலது கையில் இரண்டு விரல்களை நசுக்கியது. அப்போதும் நிறுத்தவில்லை. பிள்ளையை அவன்தான் தூக்கிக்கொண்டு வந்தான். அந்த இரண்டு விரல்களும் இன்றுவரை சரியாக மடங்காது.

அதற்குப் பிறகு அக்காவைத் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போனான். பின்கட்டில் ஓர் அறை ஒழித்துக் கொடுத்தான். ஆறு மாதம் அவள் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒருநாள் காலையில், "சைட்டுல தண்ணி விட ஆள் இல்லேக்கா, ஒரு வாரம் வந்து விட்டுக் குடேன்" என்றான். சும்மா ஒரு சாக்கு. போனாள். கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விடாமல் போனால் என்ன ஆகும், முட்டுகளைச் சீக்கிரம் எடுத்தால் என்ன ஆகும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டாள். தெரிந்த பிறகு வேறு எந்த வேலைக்கும் அவள் போகவில்லை.

தம்பி தொழிலில் வளர்ந்தான். கூரைக்குப் பலகை அடித்து முட்டுக் கொடுக்கும் சென்ட்ரிங் மேஸ்திரியானான். இப்போது அந்த மாவட்டத்தில் பதினோரு அரசுப் பள்ளிகளைப் புதுப்பிக்கும் திட்டத்தில் எட்டாவது பள்ளி அவன் கையில்.

பதினோரு பள்ளிகளுக்கும் சேர்த்து ஒரே ஓர் இன்ஜினியரம்மா. மாவட்டக் கல்வி அலுவலகத்துச் சுவரில் ஒரு பெரிய அட்டவணை தொங்கும். வேலை சரியாக நடக்கும் பள்ளிக்குப் பச்சைக் கட்டம், இழுத்தடிக்கும் பள்ளிக்கு மஞ்சள், நின்றுபோனதற்குச் சிவப்பு. வெள்ளிக்கிழமைதோறும் ஒவ்வொரு மேஸ்திரியும் கட்டடத்தைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். அதைப் பார்த்துத்தான் நிறம் மாறும்.

கூரை போட்ட நாளில் நடந்தது இதுதான். இன்ஜினியரம்மா காலை எட்டு மணிக்கு வந்தாள். கம்பிகளைத் தட்டிப் பார்த்தாள். முதல் சட்டிக் கலவை விழுந்ததும், படிவத்தில் 'கூரை போட்ட தேதி' என்ற கட்டத்தில் அன்றைய தேதியை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த பள்ளிக்குக் கிளம்பிவிட்டாள். எல்லாப் பள்ளியிலும் அப்படித்தான் செய்தாள். நாலு அறைக் கூரையைக் காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் முடிந்துவிடும். படிவத்திலும் ஒரே ஒரு கட்டம்தான்.

ஆனால் அன்றைக்கு மத்தியானம் கலவை மெஷின் பல் உடைந்து நின்றுவிட்டது. மேற்கே இரண்டு அறைகள் முடிந்திருந்தன. கிழக்கே இரண்டு அறைகளுக்கு மேல் வெறும் கம்பி. நடுச்சுவரோடு நிறுத்தினார்கள். சாயங்காலம் இன்ஜினியரம்மா போனில், "முடிஞ்சுதா மேஸ்திரி?" என்று கேட்டபோது, "முடிஞ்சுதும்மா" என்றான் தம்பி. நாளைக்கே மெஷினைச் சரிசெய்து போட்டுவிடலாம், ஒருநாள் விஷயத்துக்கு எதற்குச் சிவப்புக் கட்டம் என்று நினைத்தான். உதிரிப் பல் வந்து சேர ஒன்பது நாள் ஆயிற்று.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமையிலிருந்து படத்தை மேற்கு மூலையில் நின்றே எடுத்தான். "ஏண்டா, எப்பவும் இந்தப் பக்கத்துலேருந்தே புடிக்கறே?" என்று ஒருநாள் அக்கா கேட்டாள். "அங்கேதான் வெளிச்சம் நல்லா இருக்கு" என்றான். கேட்டதோடு அவள் விட்டுவிட்டாள். போனில் அவன் சொன்ன பொய்யை அவள் அறியவில்லை.

அவளுக்குத் தெரிந்தது பாத்திகள் மட்டும்தான். மேற்கே பன்னிரண்டு, அவை மூத்தவை. கிழக்கே பன்னிரண்டு, அவை ஒன்பது நாள் இளையவை. ஒரே கூரை என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை.

*

படிவத்தில் எழுதிய தேதியிலிருந்து இருபத்தொரு நாள் முடிந்த சாயங்காலம், தம்பி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னான்.

"அக்கா, காலைல ஏழு மணிக்கு லாரி வருது. பலகை, முட்டு எல்லாம் கழட்டி ஒன்பதாவது ஸ்கூலுக்கு ஏத்தணும். தண்ணியை இன்னியோட நிறுத்திடு."

"மேற்குப் பக்கத்துலதானே?"

"மொத்தமும்."

"மொத்தமும்னா?"

"மொத்தமும்னா மொத்தமும்தான். இதுக்கு டீச்சரை வெச்சா அர்த்தம் சொல்லணும்?"

அவள் கையில் இருந்த துணி மடிப்பு நின்றது. "கிழக்குப் பக்கம் பன்னெண்டு நாள்தாண்டா ஆச்சு."

"பன்னெண்டு நாள்ல நிக்கும். சிமென்ட்டுல கை வெச்சேனா? கம்பியில குறை வெச்சேனா? என் வேலை எனக்குத் தெரியாதா?"

"நிக்கும்னு நெனச்சுதாண்டா எல்லாரும் கழட்டறாங்க."

அந்தச் சொல் எங்கே போய்த் தைத்தது என்று அவன் முகத்தில் தெரிந்தது. உடனே குரலை உயர்த்தினான். "பாதியைக் கழட்டிட்டுப் பாதியை விட்டா ஏன்னு கேப்பாங்க. இத்தனை நாளா பொய் சொன்னியான்னு கேப்பாங்க. நான் என்ன பதில் சொல்லட்டும்?"

அப்போதுதான் அவளுக்கு அந்தப் பொய் முழுசாகப் புரிந்தது.

சமையலறையிலிருந்து தம்பியின் மனைவி வெளியே வந்தாள். சத்தம் போடவில்லை. கெஞ்சினாள். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. "அண்ணி, இந்த ஸ்கூலைச் சொன்ன நாள்ல முடிச்சா மிச்சம் மூணும் இவருக்குத்தான்னு சொல்லியிருக்காங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா எல்லாம் போயிடும். அப்புறம் இவரை எந்த சைட்டுல சேத்துப்பாங்க? உங்க தம்பிதானே அண்ணி."

தரையில் நோட்டைப் பரப்பி எழுதிக்கொண்டிருந்த தம்பி மகள், வீட்டில் வாலு என்று பெயர் எடுத்தவள், தலையைத் தூக்கினாள். அந்தப் பள்ளியில்தான் படிக்கிறாள். ஒரு வருடமாக அந்தப் பிள்ளைகளுக்கு வகுப்பு தகரக் கொட்டகையில். வெயிலில் அடுப்பு, மழை வந்தால் தகரம் போடுகிற சத்தத்தில் டீச்சர் பேசுவதை விட்டுவிட்டுப் போர்டில் எழுதிக் காட்டுவார்.

"அத்தை, புது கிளாஸ்ல எனக்கு ஜன்னல் ஓரம். இப்பவே டீச்சர்கிட்ட சொல்லி வெச்சுட்டேன்."

"எந்த ரூமுடி?"

"கடைசி ரூம். காலைல வெயில் வருமே, அந்தப் பக்கம்."

கிழக்குப் பக்கம்.

தண்ணியக்கா எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டாள். ஒரு பக்கம், தன் மகளைக் கல்லுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்த கை. இன்னொரு பக்கம், அந்தக் கை முட்டுகளைத் தட்டிவிடப் போகிற கூரை. எட்டு வருடமாகத் தனக்குச் சோறு போட்டவனைக் காட்டிக் கொடுப்பதா? காட்டிக் கொடுக்காமல் விட்டால், பிறகு எந்தப் பெண்ணின் ஜன்னல் ஓரத்தைப் பார்த்து உயிர் வாழ்வது?

*

காலை ஆறு மணிக்கே அவள் பள்ளியில் இருந்தாள். மேற்குப் பக்கத்துப் பன்னிரண்டு பாத்திகளின் வரப்பையும் மண்வெட்டியால் உடைத்து, தண்ணீரைத் தள்ளி, தளத்தைக் கூட்டினாள். அவற்றின் வேலை முடிந்தது. கிழக்குப் பக்கத்துப் பன்னிரண்டையும் எப்போதும்போல இரண்டு விரல் ஆழத்துக்கு நிரப்பினாள். கீழே இறங்கினாள். கடைசி அறைக்குள் முட்டுகள் காடு மாதிரி நின்றன. நட்ட நடுவில் நின்ற முட்டில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள்.

ஏழு மணிக்கு லாரி வந்தது. ஆட்கள் வந்தார்கள். டிரைவர் எட்டிப் பார்த்து, "என்ன தண்ணியக்கா, உள்ளே ஏசி போட்டிருக்காங்களா?" என்றான். அவள் சிரிக்கவில்லை. அவனும் வாயை மூடிக்கொண்டான்.

தம்பி சுத்தியலோடு வந்தான்.

"அக்கா, எழுந்திரு. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

"விளையாடாதே."

"யாரு விளையாடறது? நிக்கும்னு சொன்னே இல்லே, கழட்டு. நான் பாட்டுக்கு உக்காந்து சாப்பிடறேன்."

"உன்னைத் தூக்கி வெளியே போட எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"தூக்கு. இந்த மாதிரி இடத்துலேருந்து ஒருத்தியைத் தூக்கிட்டுப் போனவன்தானே நீ."

அவன் முகம் சிவந்தது. ஆத்திரத்தில் இரண்டு எட்டு வைத்து, அவள் பக்கத்து முட்டின் அடியில் சொருகியிருந்த ஆப்பைச் சுத்தியலால் ஓங்கி அடித்தான். ணங்கென்று ஒரு சத்தம். மேலே பலகை இடுக்கிலிருந்து சிமென்ட் துகள் உதிர்ந்து அவள் தலைமுடியிலும், திறந்திருந்த சாப்பாட்டிலும் விழுந்தது. அவள் நகரவில்லை. தலையைத் தூக்கி மேலே பார்க்கவும் இல்லை. அவனைத்தான் பார்த்தாள்.

ஆப்பு பாதி வெளியே வந்திருந்தது. இன்னும் ஒரே ஓர் அடி. சுத்தியலைத் தூக்கினான். சரியாக மடங்காத அந்த இரண்டு விரல்களும் கைப்பிடியைவிட்டு விலகி நின்றன. எத்தனை நேரம் அப்படி நின்றானோ, கை தானாகக் கீழே இறங்கியது.

அந்த நேரத்தில் வாசலில் இன்ஜினியரம்மாவும் பள்ளியின் தலைமையாசிரியரும் வந்து நின்றார்கள்.

"என்ன மேஸ்திரி, லாரியும் நிக்குது, ஆளும் நிக்குது, நீங்களும் நிக்கறீங்க?" என்றாள் இன்ஜினியரம்மா. வயதில் சின்னவள். பிறகுதான் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தாள். "அக்கா, இங்கே என்ன பண்றீங்க? எழுந்து வாங்க."

தலைமையாசிரியர் பொறுமை இழந்தார். "அம்மா, ஒரு வருஷமா பிள்ளைங்க அந்தத் தகரத்துக்கடியில வேகுதுங்க. இன்னிக்குக் கழட்டினாதான் பூச்சு முடிச்சு, அடுத்த பருவம் தொறக்கறப்போ உள்ளே உக்கார வைக்கலாம். உங்களுக்கு என்ன இவ்வளவு பிடிவாதம்?"

தண்ணியக்கா அவரைப் பார்த்துக் கைகூப்பினாள். "சார், எனக்கும் அந்தப் பிள்ளைங்க உள்ளே வரணும். இன்ஜினியரம்மா, ஏணி வெளியேதான் இருக்கு. ஒரே ஒரு தடவை மேலே ஏறிப் பாத்துட்டு வாங்க. பாத்துட்டு எழுந்திருன்னு நீங்க சொன்னா, அடுத்த நிமிஷம் எழுந்துடறேன்."

தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டாள்.

இன்ஜினியரம்மா வெளியே போய் ஏணியில் காலை வைத்தாள். இரண்டு படி ஏறியிருப்பாள்.

"ஏற வேண்டாம்மா." தம்பி அறையைவிட்டு வெளியே வந்திருந்தான். "மேலே பாதிதான் காஞ்சிருக்கும். இந்தப் பக்கம் இன்னும் ஈரம். இதுக்குப் பன்னெண்டு நாள்தான் ஆச்சு. அன்னிக்கு மெஷின் உடைஞ்சுடுச்சு. முடிஞ்சுதுன்னு நான்தான் பொய் சொன்னேன்."

இன்ஜினியரம்மா ஏணியிலிருந்து இறங்கினாள். மணல் குவியலின் ஓரத்தில் உட்கார்ந்து, பையிலிருந்து படிவத்தை எடுத்தாள்.

"காலை எட்டு மணிக்குக் கையெழுத்துப் போட்டேன்" என்றாள், யாரிடம் என்றில்லாமல். "கலவை விழ ஆரம்பிக்கறப்பவே. எல்லா ஸ்கூல்லயும் அப்படித்தான் போடறேன்."

பேனாவை எடுத்து, 'கூரை போட்ட தேதி' என்ற கட்டத்தின் நடுவே ஒரு கோடு கிழித்தாள். ஒரு பக்கம் மேற்கு, ஒரு பக்கம் கிழக்கு. இரண்டு தேதிகள். எழுதி முடித்துவிட்டுத் தலையைத் தூக்கினாள்.

"நான் உங்களை நம்பினேன் மேஸ்திரி."

"தெரியும்மா."

"மிச்சம் மூணு ஸ்கூலும் இனிமே உங்களுக்குக் கிடைக்காது."

"தெரியும்மா."

அவன் உள்ளே வந்தான். வெளியே வந்த ஆப்பைப் பழையபடி இறுக்கி அடித்தான். சுத்தியலை அக்காவின் காலடியில் வைத்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டான். மேற்குப் பக்கத்து முட்டுகளை மட்டும் ஏற்றிக்கொண்டு லாரி பாதி வயிற்றோடு கிளம்பியது. அன்று மத்தியானம் அட்டவணையில் எட்டாவது பள்ளி சிவப்பானது.

*

ஒன்பது நாள் அந்த வீட்டில் பேச்சு இல்லை. தம்பியின் மனைவி தட்டில் சோற்றை வைத்துப் பின்கட்டு வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிப் போவாள். ஒருநாள்கூட வைக்காமல் இருந்ததில்லை; ஒருநாள்கூட முகம் பார்த்ததுமில்லை. நடுவே ஓடியாடிக்கொண்டிருந்தது வாலு மட்டும்தான்.

"அத்தை, அப்பா உன்கூட பேச மாட்டாராம். நான் பேசலாமான்னு கேட்டேன். அது உன் இஷ்டம்னு சொன்னாரு."

"நீ என்ன முடிவு பண்ணினே?"

"யோசிச்சுக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லி அவள் மடியில் படுத்துக்கொண்டது.

தினமும் மூன்று தடவை தண்ணியக்கா கூரையேறினாள். பன்னிரண்டு பாத்திகள்தான். சில சமயம் நிரப்பி முடித்த பிறகும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றுவிடுவாள். அன்றைக்கு முட்டுகளை எடுத்திருந்தால் இந்தக் கூரை விழுந்திருக்குமா? நின்றிருக்கலாம். தம்பி நல்ல வேலைக்காரன். நின்றிருக்கும் கூரைக்காகவா அவன் பிழைப்பைப் பறித்தேன்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எந்தப் பரிசோதனையும் கிடையாது. அவள் சாகும்வரை அது அவளோடு வரும்.

இருபத்தொன்றாம் நாள் முடிந்த மறுநாள் காலை, முட்டு எடுக்க வேறு மேஸ்திரியின் ஆட்கள் வந்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னாலேயே கடைசி அறை வாசலில் தம்பி நின்றிருந்தான். தோளில் ஒரு பயணப் பை.

"இது நான் முட்டுக் கொடுத்த கூரை. நானே எடுத்துட்டுப் போறேன். கூலி வேண்டாம்" என்றான் அந்த ஆட்களிடம். அவர்கள் வழிவிட்டார்கள். முட்டுக் கொடுத்தவன் கையால் அதை எடுப்பதில் தொழில் தெரிந்தவர்கள் குறுக்கே நிற்க மாட்டார்கள்.

காலடியில் வைத்துவிட்டுப் போன சுத்தியலை அக்கா எடுத்துக் கொடுத்தாள். நடு முட்டில் ஆரம்பித்தான். அங்கிருந்து இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாகச் சுவரை நோக்கி. முட்டுகள் குறையக் குறைய அறை பெரிதாகிக்கொண்டே வந்தது. ஜன்னல் வெயில் தரையில் நீளமாக விழுந்தது. கடைசி முட்டுக்கு வந்தபோது திரும்பிப் பார்த்தான். அவள் உள்ளேயே நின்றிருந்தாள்.

ஒன்பது நாளுக்குப் பிறகு அவளிடம் அவன் பேசிய முதல் வார்த்தை இது. "வெளியே போ."

"நீ உள்ளே இருக்கே இல்லே."

அவன் ஆப்பைத் தட்டினான். முட்டு சாய்ந்தது. பலகை இறங்கியது. இருவரும் மேலே பார்த்தார்கள். பலகைகளின் வரிவரியான தடம் பதிந்த சாம்பல் நிறக் கூரை, எதையும் பிடித்துக்கொள்ளாமல், சும்மா இருந்தது.

"நின்னுடுச்சு" என்றான்.

"நின்னுடுச்சு."

"அன்னிக்கே கழட்டியிருந்தாலும் நின்னிருக்கும்."

அவள் மறுத்துப் பேசவில்லை. அவன் வெறும் தரையில் உட்கார்ந்து, மடங்காத விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்கேடா கிளம்பிட்டே, பையோட?"

"வெளியூர்ல ஒரு சைட். மேஸ்திரியா இல்லே. பலகை தூக்கற வேலை." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "வாலு கேட்டா, ஜன்னல் ஓரத்துல உக்காரச் சொல்லு" என்றான்.

அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கூரைக்கு ஏறினாள். கிழக்குப் பக்கத்து வரப்புகளை ஒவ்வொன்றாக உடைத்தாள். அடைபட்டிருந்த தண்ணீர் ஒன்றாகச் சேர்ந்து ஓடி, கூரை ஓரத்துக் குழாய் வழியாகக் கீழே கொட்டியது. அவள் விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்தாள். பையைத் தரையில் வைத்துவிட்டு, தம்பி அந்தத் தண்ணீருக்கு அடியில் இரண்டு கைகளையும் நீட்டிக் கழுவிக்கொண்டிருந்தான். பிறகு முகத்தைக் கழுவினான். வெகுநேரம் கழுவினான். தண்ணீர் தீர்ந்துவிடக் கூடாதே என்று, அவள் மோட்டாரைப் போடச் சொல்லி, ஓஸ் பைப்பைத் திருப்பி அந்தக் குழாய் வாயில் வைத்துப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.